இரண்டாம் ஜன்னல் விளைவு

பல் துலக்குவதற்கு முன்னால் மேற்கோள் எண்ணிக்கையைப் பார்த்துவிடுவது ஜன்னல் சாரின் வழக்கம். ஊரில் மற்றவர்கள் எடை பார்க்கிறார்கள், ராசிபலன் பார்க்கிறார்கள். அவர் கணினியைத் திறந்து, உலகத்தில் எந்த மூலையிலாவது யாராவது தன் கட்டுரையை எடுத்துக் காட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பார். அன்று காலை எண்ணிக்கை ஒன்று கூடியிருந்தது. ஆசையாகத் திறந்தவர், பிரஷ்ஷும் கையுமாக அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கட்டுரையின் தலைப்பு, 'இரண்டாம் ஜன்னல் விளைவு: அப்படி ஒன்று உண்டா?'

ஜன்னல் சார் பொது நிர்வாகவியல் பேராசிரியர். இந்த வருடக் கடைசியில் ஓய்வு. வாழ்நாளில் நிறைய எழுதியிருக்கிறார். கோப்புகள் ஏன் தாமதமாகின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார். அது அச்சாவதற்குள் அதில் சொல்லியிருந்த அலுவலகத்தையே மூடிவிட்டார்கள். அவருடைய கட்டுரைகளில் பெரும்பாலானவற்றை மேற்கோள் காட்டிய ஒரே அறிஞர் அவர்தான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

ஆனால் ஒரே ஒரு கட்டுரை வீட்டு வாசலைத் தாண்டி உலகம் சுற்றியது. ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, சான்றிதழ் நகல் கொடுக்கும் ஓர் அரசு அலுவலகத்தில் நிறுத்துக் கடிகாரத்தோடு உட்கார்ந்து வரிசையைக் கவனித்தார். ஒரு ஜன்னல் மட்டும் திறந்திருந்தபோது வரிசை சுமாராக நகர்ந்தது. கூட்டம் அதிகமாகி, இரண்டாவது ஜன்னலையும் திறந்தார்கள். நியாயமாக வரிசை ஓடியிருக்க வேண்டும். அது நொண்ட ஆரம்பித்தது. கண்டதைக் கண்டபடி எழுதி அனுப்பினார். பெரிய பெரிய பல்கலைக்கழகங்களில் இருந்தவர்கள் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள். இரண்டு பேர் இருந்தால் பொறுப்பு பாதியாகிவிடும் என்றார் ஒருவர். பக்கத்து வரிசையைப் பார்த்துப் பொருமுவதில் மனிதன் தன் வரிசையை மறந்துவிடுகிறான் என்றார் இன்னொருவர். பாடப்புத்தகத்தில்கூட ஏறிவிட்டது. அன்றிலிருந்துதான் அவர் ஜன்னல் சார்.

இப்போது வேறொரு பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளான ஓர் இளம் ஆசிரியை, ஊர் ஊராக அலுவலகங்களுக்குப் போய் இரண்டு ஜன்னல்களைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். எல்லா இடத்திலும் வரிசை வேகமாகத்தான் போயிருக்கிறது. கடைசிப் பத்தியில் ரொம்ப மரியாதையாக எழுதியிருந்தாள்: 'இரண்டாம் ஜன்னலில் இருந்த ஊழியர் மந்தமானவராக இருந்திருக்கலாம். அல்லது பதிவுகளே நம்பத்தக்கவை அல்லாமல் இருக்கலாம்.'

அதைப் படித்ததும்தான் அவருக்குச் சுர்ரென்று ஏறியது.

"இங்க வா. உன்னை மந்தம்னு ஒருத்தி எழுதியிருக்கா."

மனைவி வெங்காயம் நறுக்கிய கத்தியோடு வந்தாள். அந்த இரண்டாம் ஜன்னலில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். அதே இலாகாவில் படிப்படியாக ஏறிக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள். அந்தம்மா மேஜைக்குப் போன கோப்பு மத்தியானம்கூடத் தூங்காது என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அவளைப் போய் மந்தம் என்றால்?

மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பத்தியை இரண்டு தடவை படித்தாள். பிறகு, சின்னப் பெண், ஏதோ எழுதிவிட்டுப் போகிறாள், விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வெங்காயத்துக்கே திரும்பிப் போனாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. வெங்காயம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

விட்டுவிட்டிருக்கலாம். ஆனால் நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? அன்று மத்தியானமே பத்திரிகைக்குச் சூடாக ஒரு மறுப்பு எழுதினார். இரண்டாம் ஜன்னல் ஊழியர் அந்த அலுவலகத்திலேயே மிக வேகமானவர், இதை நான் தனிப்பட்ட முறையில் உறுதியாகச் சொல்ல முடியும், ஏனென்றால் அவர் என் மனைவி என்று முடித்தார். மனைவியிடம் காட்டாமலே அனுப்பியும்விட்டார்.

பத்திரிகை ஆசிரியரிடமிருந்து உடனே பதில் வந்தது. ஆய்வுக்கு உட்பட்டவர் ஆய்வாளரின் மனைவி என்ற விவரம் மூலக் கட்டுரையில் ஏன் இல்லை?

அப்போது அவள் மனைவி இல்லையே என்று பதறிப்போய் விளக்கம் எழுதினார். ஆய்வு முடிந்த பிறகுதான் கல்யாணம் என்பதற்குச் சாட்சியாகக் கல்யாணப் புகைப்படத்தையும் சேர்த்து அனுப்பினார். அதற்கும் பதில் வந்தது. 'புகைப்படம் கிடைத்தது. இருவரும் அழகாக இருக்கிறீர்கள். எங்கள் கேள்வி அப்படியே இருக்கிறது.' தக்க விளக்கமோ நிரூபணமோ வராவிட்டால் அந்தக் கட்டுரையின் தலையில் 'ஐயத்துக்குரியது' என்று குறிப்புப் போட வேண்டியிருக்கும் என்றும் எழுதியிருந்தார்கள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக விஷயம் துறைத்தலைவர் காதுக்குப் போனது. துறைத்தலைவர் ஜன்னல் சாரிடமே படித்தவர். கோபப்படத் தெரியாதவர், கவலைப்படுவதில் நிபுணர். அறைக் கதவைச் சாத்திவிட்டு, துறையின் மொத்த மேற்கோளில் முக்கால்வாசி அந்த ஜன்னல் வழியாகத்தான் வருகிறது என்பதை வருத்தத்தோடு எடுத்துச் சொன்னார். அதற்குப் பிறகு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். ஆய்வு பண்ணப் போன இடத்துல... பொண்ணு பார்த்தீங்களா?"

ஜன்னல் சார் எழுந்தே நின்றுவிட்டார். பார்க்கிறவன் தூண் மாதிரி இருக்க வேண்டும், அவனால் எதுவும் மாறக் கூடாது என்பதுதான் அவர் காலமெல்லாம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அந்த அலுவலகத்தில் அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. வரிசை தொடங்கும்போது வருவார், வரிசை முடிந்ததும் போவார். அவளும் வேலையில் அவ்வளவு மும்முரம். ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்தது கிடையாது. எல்லாம் முடிந்து, அலுவலகத்துக்கு நன்றி சொல்லப் போன அன்றுதான் முதன்முதலில் அவளிடம் பேசி, கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டார். அவள் உடனே பதில் சொல்லிவிட்டாள்; எதற்குமே தாமதிக்காதவள் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டார். இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். துறைத்தலைவர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

சரி, பேச்சு எதற்கு, மறுபடி செய்து காட்டிவிடுவோம் என்று ஜன்னல் சார் பழைய அலுவலகத்துக்கே போனார். அது இப்போது அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. குளிர்சாதனம், பளபள தரை, கண்ணாடிக்குப் பின்னால் கணினிகள். காவலாளி அவரையும் அவர் கையிலிருந்த கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய அதிர்ஷ்டம், கொஞ்ச நேரத்தில் இரண்டாவது ஜன்னலைத் திறந்தார்கள். அவர் கடிகாரத்தை அழுத்தினார். கண்ணைச் சிமிட்டித் திறப்பதற்குள் வரிசையைக் காணவில்லை.

நேர்மைக்காரர் அல்லவா, அந்த முடிவையும் அவரே எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பிவைத்தார்.

"இதை எதுக்குங்க அனுப்பினீங்க?" என்று இராச் சாப்பாடு போடும்போது மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"கிடைச்சதை அனுப்பறதுதானே ஆராய்ச்சி."

"அவங்க கேட்கவே இல்லையே."

"கேட்டா மட்டும் உண்மை சொல்றதுன்னா அதுக்குப் பேர் வேற."

அதற்குமேல் அவர் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கட்டுரை போனால் போகட்டும், எண்ணிக்கை குறைந்தால் குறையட்டும். ஆனால் உட்கார்ந்த இடத்தில் பொய்க் கணக்கு எழுதியவன் என்று பெயர் வாங்கிக்கொண்டா வெளியே போவது? அத்தனை நாள் அந்த மர பெஞ்சில், தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாரே. அதை இனிமேல் யார் நம்புவார்கள்? இதையெல்லாம் வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததால் குழம்பில் உப்புக் கம்மி என்றார்.

மனைவி உப்பை நகர்த்தி வைக்கவில்லை. அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் ஒண்ணு சொல்றேன், கேட்பீங்களா? அந்தப் பொண்ணு எழுதினது சரிதான். நான் மெதுவாத்தான் வேலை செஞ்சேன். அப்படியே எழுதிப் போட்டுடுங்க."

அவர் நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்தார். எனக்காக இவள் தன் பெயரைக் கெடுத்துக்கொள்ளத் துணிந்துவிட்டாளே என்று அவருக்கு நெஞ்சு கனத்தது. அவள் ஓய்வு பெற்ற நாளில் இலாகாவே எழுந்து நின்று பாராட்டிய கைகள் அவளுடையவை.

"எனக்கு நீ பொய் சொல்ல வேண்டாம்."

"பொய் இல்லைங்க. நிஜமாத்தான் சொல்றேன்."

"உன்னை மந்தம்னு என் கையால எழுதிட்டு நான் என்ன பேராசிரியர்? போய்த் தூங்கு."

அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் துறைத்தலைவரிடம் போய், தன் மனைவியின் வேகத்தை ஊரறியச் சோதித்துக்கொள்ளலாம் என்று அவராகவே அறிவித்தார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்டார் என்பதைத் தவிர வேறென்ன சொல்வது?

துறைத்தலைவர் கவலைப்பட்டுக்கொண்டே எல்லா ஏற்பாடும் செய்தார். அந்த இளம் ஆசிரியைக்கு அழைப்புப் போனது. கருத்தரங்கக் கூடத்தில் இரண்டு மேஜை போட்டு, முன்னால் பலகையில் ஜன்னல் வெட்டி, வரிசைக்கு மாணவர்களை நிறுத்தினார்கள். பழைய மாதிரி விண்ணப்பங்கள், பழைய மாதிரி பதிவேடு. அந்த அலுவலகத்தில் இரண்டு ஜன்னலுக்கும் சேர்த்து ஒரே முத்திரைதான் இருந்தது. ஆகவே இங்கேயும் ஒன்றே ஒன்று. முதல் ஜன்னலில் அந்தக் காலத்தில் இருந்த, மனைவி அக்கா என்று கூப்பிடும் ஊழியரையும் தேடிப் பிடித்தார்கள். மனைவியைவிட மூத்தவர், மகள் வீட்டில் இருந்தார். வண்டி அனுப்புகிறோம் என்றதும் புதுப்புடவையில் வந்து இறங்கினார்.

மனைவியை வரவழைத்ததுதான் பெரும்பாடு. முதலில் முழங்கால் வலி என்றாள். பிறகு இந்த வயதில் பொம்மைக் கடை பொம்மை மாதிரி என்னை உட்கார வைக்க வேண்டுமா என்றாள். கடைசியில் அவர் சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பதைப் பார்த்து, பொத்தானைச் சரிசெய்துவிட்டுக் கூடவே கிளம்பினாள்.

இளம் ஆசிரியையைப் பார்த்ததும் ஜன்னல் சாருக்கு ஏமாற்றமாக இருந்தது. சண்டைக்காரியாக இருப்பாள் என்று எதிர்பார்த்தார். அவளோ அவர் கட்டுரையைப் படித்துத்தான் இந்தத் துறைக்கே வந்தேன் என்று சொல்லி, அவர் உட்காரும்வரை நின்றுகொண்டிருந்தாள். அந்தக் கட்டுரை பொய்யாகிவிடுமோ என்று அவருக்கு இருந்த பயம் அவளுக்கும் இருந்தது என்பதை அவள் குரலிலிருந்து தெரிந்துகொண்டார். அதற்குமேல் கோபப்பட முடியவில்லை.

அவள் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். முதலில் மனைவியை மட்டும் தனியாகச் சோதிக்க வேண்டும். அப்போது கணவர் அறைக்குள் இருக்கக் கூடாது. கடிகாரம் இளம் ஆசிரியையின் கையில்.

ஜன்னல் சார் நடைபாதையில் பிரசவ வார்டு வாசலில் நிற்கும் அப்பாவைப் போல மேலும் கீழும் நடந்தார். நாலு தடவை நடந்திருக்க மாட்டார், கதவு திறந்தது. முடிந்துவிட்டது என்றாள் இளம் ஆசிரியை. என்ன முடிந்துவிட்டது என்று கேட்டார். வரிசை முடிந்துவிட்டதாம். விண்ணப்பத்தை வாங்கியது தெரியும், முத்திரை விழுந்தது தெரியும், நடுவில் என்ன நடந்ததென்று கண்ணுக்கே தெரியவில்லையாம்.

"மேடம், உங்களை மந்தம்னு எழுதினதுக்கு மன்னிச்சிடுங்க" என்றாள்.

மனைவி பரவாயில்லை என்று மட்டும் சொன்னாள். ஜன்னல் சாருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் துறைத்தலைவர் அவர் காதோரம் குனிந்து கவலையோடு சொன்ன பிறகுதான் விஷயம் உறைத்தது. அம்மா இவ்வளவு வேகம் என்றால், இரண்டு ஜன்னலும் திறக்கும்போது வரிசை பறக்கும். வரிசை பறந்தால் விளைவு இல்லை. விளைவு இல்லையென்றால் பழைய பதிவுகள் பொய். மனைவியின் மானத்தைக் காப்பாற்றித் தன் மானத்தை அடகு வைத்தாயிற்று.

பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது. இரண்டில் ஒன்றுதான் பிழைக்கும் என்றால் அவளுடையதே பிழைக்கட்டும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அப்படித் தோன்றியதும் பல நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது.

இரண்டாவது சோதனையில் எல்லாம் அன்றைக்கு இருந்தபடியே இருக்க வேண்டும் என்றாள் இளம் ஆசிரியை. முதல் ஜன்னலில் அக்கா. இரண்டாம் ஜன்னலில் மனைவி. எதிரே பெஞ்சில், பழைய நிறுத்துக் கடிகாரத்தோடு ஜன்னல் சார். அவர் தூணாக உட்கார்ந்தார். கடிகாரத்தை அழுத்தினார்.

முதல் மாணவன் விண்ணப்பத்தை நீட்டினான். மனைவி வாங்கினாள். படித்தாள். திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது, அதையும் படித்தாள். அப்பா பெயர் என்ன என்று கேட்டாள். அது எழுதியிருக்கிறதே என்றான் அவன். இருக்கட்டும், சொல்லு என்றாள். பதிவேட்டில் கோலம் போடுகிறவளைப் போல எழுதினாள். முத்திரையை எடுத்தாள், துடைத்தாள், ஒரு காகிதத்தில் அடித்துப் பார்த்தாள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள், மறுபடி துடைத்தாள். பக்கத்து ஜன்னலிலிருந்து அக்காவின் கை முத்திரைக்காக நீண்டபடியே இருந்தது. நீண்ட கை வலித்து, மடங்கி, மறுபடி நீண்டது.

வரிசை நகரவில்லை. வால் பக்கம் இருந்த மாணவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். ஒருவன் சுவரில் சாய்ந்து தூங்கியே விட்டான். துறைத்தலைவர் முதன்முறையாகக் கவலைப்பட மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

ஜன்னல் சார் கடிகாரத்தைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். அதே வரிசை. அதே நொண்டல். அவர் பொய் எழுதவில்லை. அந்த பெஞ்சில் அவர் கண்டது நிஜம். ஒரே ஒரு வித்தியாசம்தான். அன்றைக்கு நிமிர்ந்தே பார்க்காதவள் இன்றைக்கு நடுவில் ஒருமுறை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இவர் பார்ப்பதைக் கண்டதும் சட்டென்று முத்திரையைத் துடைக்கப் போய்விட்டாள். தூண் பதிலுக்குச் சிரித்துவிட்டது. ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்பதால் அதை அவர் குறித்துக்கொள்ளவில்லை.

ஒருவழியாக வரிசை முடிந்தபோது மாணவர்கள் கைதட்டினார்கள். விடுதலையானதற்கா, விளைவுக்கா என்று தெரியவில்லை. இளம் ஆசிரியை கணக்கைப் போட்டுப் பார்த்தாள், மறுபடி போட்டாள். கண்ணெல்லாம் ஈரமாகச் சிரித்தாள்.

"சார், அப்படியே வந்திருக்கு. நீங்க எழுதின மாதிரியே. நான் திருத்தி எழுதறேன். இனிமே எல்லாரும் உங்களைத்தான் எடுத்துக் காட்டுவாங்க."

ஜன்னல் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனைவி அவரைத் தேடி வந்து, வீட்டுக்குப் போகலாமே என்று மெதுவாக அவர் முழங்கையைத் தொட்டாள். இளம் ஆசிரியை விடுவதாக இல்லை. தனியாக இருந்தபோது மின்னலாக இருந்தவர், எல்லாம் பழையபடி ஆனதும் ஏன் இப்படி ஆனார்? விதி என்ன? காரணம் என்ன? அது தெரிந்தால் உலகத்து அலுவலகங்களையே திருத்திவிடலாமே என்று துறைத்தலைவரைக் கேட்டாள், மாணவர்களைக் கேட்டாள், கடைசியில் நாற்காலியில் சாய்ந்து வலித்த கையை நீவிவிட்டுக்கொண்டிருந்த முதல் ஜன்னல் அக்காவையும் கேட்டுவைத்தாள்.

"இதுக்குப் போயா இத்தனை ஆராய்ச்சி? வரிசை முடிஞ்சா இவரு கடிகாரத்தைப் பையில போட்டுட்டுக் கிளம்பிடுவாரேன்னு, அந்தக் காலத்துலயே இவ என்னையும் முத்திரை அடிக்க விடமாட்டா."